வால்வைத் திறக்கிறவரின் பெயர் தெரியுமா?

நகரமும் நாமும் – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ‘ஸ்மார்ட் சிட்டி’ பற்றித்தான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வரி. நான் கோலார் தங்கவயலில் பிறந்தவள். சிவில் இன்ஜினியரிங் படித்துவிட்டு 1986-ல் பெங்களூருக்கு வந்தேன். முப்பத்தொரு வருஷம் குடிநீர்க் குழாய் வேலை. இப்போது அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில், 48 வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பில் இருக்கிறேன்.

“பத்து வருஷமாக ஸ்மார்ட் சிட்டி, ஸ்மார்ட் சிட்டி என்று கேட்கிறோம். சர்ச் ஸ்ட்ரீட்டில் அழகாகக் கல் பதித்தார்கள். எங்கள் தெருவில் சாக்கடை மூடிகூட மாறவில்லை. இந்தத் திட்டம் யாருக்கு அக்கா?”
– தையல் வேலை செய்யும் வாசகி, மர்பி டவுன்

உங்கள் கோபம் நியாயமானது. முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

மத்திய அரசு இந்தத் திட்டத்தை 2015 ஜூன் 25 அன்று தொடங்கியது. மொத்தம் 100 நகரங்கள். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, தஞ்சாவூர், தூத்துக்குடி என்று 11 ஊர்கள் வந்தன. பெங்களூருக்கு 2017 ஜூனில்தான் இடம் கிடைத்தது. ஒரு நகரத்துக்கு மத்திய அரசு 500 கோடி, மாநில அரசு அதே அளவு. 2025 மார்ச் 31-உடன் திட்டக் காலம் முடிந்துவிட்டது.

ஆயிரம் கோடி என்றால் பெரிதாகத் தெரியும். ஒரு கோடிக்கு மேல் மக்கள் வாழும் ஊரில் அதைத் தலைக்குப் பிரித்தால் ஆயிரம் ரூபாய்கூட வராது. அதுவும் இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து. அதனால் நகரத்தில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு அதை முழுசாகச் சரிசெய்வது என்று திட்டத்திலேயே வைத்திருந்தார்கள். பெங்களூரில் அந்தப் பகுதி நகரத்தின் நடுப்பகுதியாக அமைந்தது. கமர்ஷியல் ஸ்ட்ரீட் கோட்டுக்கு உள்ளே வந்தது, உங்கள் தெரு வெளியே நின்றது. உங்களை யாரும் மறக்கவில்லை, கோடு போடும்போதே நீங்கள் உள்ளே இல்லை. எனக்கு அதுதான் அதிக வருத்தம்.

சர்ச் ஸ்ட்ரீட் வேலை நடந்தது ‘டெண்டர்ஷ்யூர்’ என்ற வேறு திட்டத்தில். அதில் கல்லை எல்லாரும் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது கல்லுக்கு அடியில். குடிநீர், கழிவுநீர், மின்சாரம், இன்டர்நெட் கேபிள் எல்லாவற்றுக்கும் நடைபாதைக்குக் கீழே தனித்தனி வழி விட்டிருக்கிறார்கள். நாளைக்கு ஒரு கேபிள் போட வேண்டுமென்றால் ரோட்டை வெட்ட வேண்டாம். வருஷத்துக்கு நாலு முறை ஒரே ரோட்டைத் தோண்டி மூடிய வேலையில் இருந்தவள் என்பதால், அந்தக் குழாய்வழிகளைப் பார்த்தபோது எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அப்புறம் 2020 நவம்பரிலிருந்து சில மாதங்கள், சனி ஞாயிறுகளில் அந்தத் தெருவில் வண்டிகளை நிறுத்திவைத்தார்கள். நான் இரண்டு முறை போனேன். தெரு நடுவில் ஒரு தாத்தா பேத்திக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த நாளிலிருந்து ஹார்ன் சத்தம் மட்டுமே கேட்ட தெரு அது. முன்பின் தெரியாதவர்கள் நின்று பேசினார்கள். அதற்குக் கருவி எதுவும் தேவைப்படவில்லை, இரண்டு பக்கமும் ஒரு தடுப்பு போதுமானதாக இருந்தது.

இப்போது என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். பல வருஷங்களுக்கு முன், நான் வேலை பார்த்த ஒரு பகுதியில் பெரிய குழாயில் அழுத்தத்தை அளக்கும் கருவி பொருத்தினார்கள். ஒரு நாள் அழுத்தம் இறங்கியது. கருவி சரியாக வேலை செய்தது, கணினித் திரையில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆனால் திரை இருந்தது ஒரு கட்டடத்தில், வால்வ்மேன் இருந்தது ஐந்து கிலோமீட்டர் தள்ளி. அவருக்கு போன் செய்ய வேண்டியது யார் என்று யாரும் முடிவு செய்திருக்கவில்லை. மூன்று நாள் தண்ணீர் மண்ணுக்குள் போனது. கடைசியில் கண்டுபிடித்தது அந்த முனையில் இட்லிக் கடை வைத்திருந்த அம்மாதான். “நடைபாதை காலையில் ஈரமாவே இருக்கு, மழை இல்லையே” என்று வால்வ்மேனிடம் சொல்லியிருக்கிறார். அவர் ஒரு மணி நேரத்தில் வால்வை மூடினார்.

அன்றிலிருந்து எந்தப் புதுக் கருவியைப் பற்றிக் கேட்டாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, இதில் தெரிகிற சேதி யாருக்குப் போகும், அவர் கையில் சாவி இருக்கிறதா என்பதுதான்.

உங்கள் தெருவுக்கு வருவோம். சாக்கடை மூடிக்கு 1916-க்கு போன் செய்யுங்கள். குடிநீர், கழிவுநீர் வாரியத்தின் எண் அது. புகார் எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதே மூடிக்காக அதே வாரத்தில் உங்கள் தெருவில் பத்து வீட்டிலிருந்து பத்து புகார் போகட்டும். ஒரு புகார் கணினியில் உறங்கும். பத்து புகார் ஒரே இடத்தில் குவிந்தால் அதிகாரியின் கண்ணில் படும். முதலில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

“ஒயிட்ஃபீல்டில் 240 வீடு உள்ள அபார்ட்மென்ட். போன வருஷம் வீட்டுக்கு வீடு ஸ்மார்ட் வாட்டர் மீட்டர் வைத்தோம். இப்போது யார் எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று வாட்ஸப் குழுவில் பெயர் போட்டுத் திட்டிக்கொள்கிறார்கள். சேர்ந்து இருந்தவர்கள் பிரிந்துவிட்டார்கள். மீட்டரே வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் மேடம்?”
– ஐடி ஊழியர், சொந்த ஊர் திருவண்ணாமலை

தம்பி, மீட்டரைக் கழற்றிவிடாதீர்கள். பெயர் போடுவதை நிறுத்துங்கள். இது பல குடியிருப்புகளில் நடப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் குழாயில் வரும் காவேரித் தண்ணீர் தொரேகாடனஹள்ளி நீரேற்று நிலையத்திலிருந்து வருகிறது. தூரம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது, ஆறு கீழே ஓடுகிறது. அதனால் தண்ணீரைச் சுமார் 500 மீட்டர் உயரம் பம்ப் வைத்துத் தூக்குகிறார்கள். ஆயிரம் லிட்டரை அவ்வளவு உயரம் தூக்க, பம்பில் வீணாவதையும் சேர்த்து, ஏறக்குறைய 2 யூனிட் மின்சாரம் ஆகும். பல் தேய்க்கும்போது குழாயைத் திறந்துவிட்டால் தண்ணீரோடு மின்சாரமும் போகிறது. 2024 அக்டோபரில் காவேரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் தொடங்கி இன்னும் ஒரு நாளைக்கு 77.5 கோடி லிட்டர் கொண்டுவர வழி செய்தார்கள். நகர எல்லைக்குள் பின்னால் சேர்க்கப்பட்ட 110 கிராமங்களுக்கு அது மிகவும் தேவையானது. ஆனால் அந்த ஆற்றை நம்பித் தஞ்சாவூர் வரை வயல் இருக்கிறது. காவேரியில் இதற்கு மேல் ஒவ்வொரு லிட்டர் கேட்கும்போதும் நாம் யாரிடமிருந்தோ கேட்கிறோம்.

2024 மார்ச் உங்களுக்கு நினைவிருக்கும். வாரியத்தின் போர்வெல்களில் ஏறக்குறைய பாதி வறண்டது. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றார்கள். டேங்கர் லாரிக்கு அரசே விலை நிர்ணயித்தது. எங்கள் குடியிருப்பில் 900 அடி போர் ஒரு வியாழக்கிழமை காலை வெறும் காற்றை இழுத்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. சம்ப்பில் தண்ணீர் இல்லை. 48 வீட்டுக்காரர்களும் கீழே வந்து நின்றோம். எட்டு வருஷமாக அங்கே இருந்தும், அதில் பத்துப் பேரின் பெயர் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அந்தக் கோடையில்தான் நாங்களும் மீட்டர் வைத்தோம். இரண்டாவது வாரத்தில் ஒரு வீட்டு மீட்டர் மட்டும் இரவு இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும்கூட ஓடிக்கொண்டிருந்தது. மணிக்கு 15 லிட்டர். ஒரு நாளைக்கு 360 லிட்டர், எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு ஒரு நாள் தேவையைவிட அதிகம். குழுவில் பெயர் போட்டிருந்தால் அந்த வீட்டுக்காரர் அவமானப்பட்டிருப்பார். அவருக்கு 79 வயது, காது சரியாகக் கேட்காது. ஃப்ளஷ் டேங்க்கில் தண்ணீர் கசியும் சத்தம் அவருக்கு எப்படித் தெரியும்? பொருளாளர் என்னிடம் மட்டும் சொன்னார். நானும் மூன்றாம் மாடிப் பையனும் போய், 60 ரூபாய் வாஷரை மாற்றிவிட்டு வந்தோம். அவர் மனைவி காபி கொடுத்தார். இப்போது வாரத்துக்கு ஒரு முறை அந்தப் பையன் அவர்களுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கிறான்.

அதனால் நான் சொல்வது இதுதான். வீட்டு வாரியான கணக்கு அந்த வீட்டுக்கும் பொருளாளருக்கும் மட்டும் தெரியட்டும். மணி வாரியாக மீட்டரைப் பார்த்தால் ஒரு வீட்டில் ஆள் எப்போது எழுகிறார்கள், எப்போது ஊரில் இல்லை என்பது வரை தெரிந்துவிடும். அது அவர்கள் சொந்த விஷயம், திருடனுக்கும் பயன்படக்கூடிய விஷயம். குழுவில் போட வேண்டியது மொத்தக் குடியிருப்பின் சராசரி மட்டும். போன வாரம் ஒரு ஆளுக்கு இவ்வளவு, இந்த வாரம் இவ்வளவு என்று. அதிகம் செலவாகும் வீட்டுக்கு ஒருவர் நேரில் போகட்டும். போகும்போது கையில் ஸ்பானர் இருக்கட்டும். குழாய் முனையில் மாட்டும் ஏரேட்டர் இரண்டு கொண்டுபோங்கள். காற்றைக் கலந்து விடும் சின்ன வடிகட்டி அது. கை கழுவும் குழாயில் அது பாதித் தண்ணீரை மிச்சப்படுத்துவதை நானே வாளி வைத்து அளந்திருக்கிறேன்.

திட்டிக்கொண்டவர்களைச் சமாதானப்படுத்த ஒரு வழி: குழுவின் நிர்வாகி எல்லாரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்ப் கழுவ அழைக்கட்டும். வராதவர்களைக் கேள்வி கேட்காதீர்கள். வந்தவர்கள் போதும்.

“தங்கவயலுக்கு 1902-லேயே கரன்ட் வந்தது, பெங்களூருக்கு அப்புறம்தான் என்று என் தாத்தா பெருமையாகச் சொல்வார். உண்மையா? அப்படியென்றால் நம் ஊர்தானே முதல் ஸ்மார்ட் சிட்டி!”
– கல்லூரி மாணவர், ராபர்ட்சன்பேட்டை

உண்மை கண்ணு. சிவசமுத்திரம் அருவியில் எடுத்த மின்சாரம் ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பியில் ஓடி 1902 ஜூனில் தங்கவயல் வந்து சேர்ந்தது. பெங்களூர் மார்க்கெட் பக்கம் தெருவிளக்கு எரிந்தது 1905 ஆகஸ்டில். இதற்கு வழி வகுத்தவர் மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர், பாலக்காட்டுத் தமிழர். 1901-ல் இறந்துவிட்டதால் ஒரு விளக்கு எரிவதைக்கூட அவர் பார்க்கவில்லை. பெங்களூருக்கு ஹெசரகட்டாவிலிருந்து 1896-ல் குழாய்த் தண்ணீர் வந்ததும் அவர் காலத்தில்தான். கப்பன் பார்க் நூலகம் போகும்போது அந்தச் சிவப்புக் கட்டடத்தில் அவர் பெயர் இருப்பதைப் பார்.

உன் இரண்டாவது வரியை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்தக் கம்பி சுரங்கத்துக்கு வந்தது. பாறைக்குள் இறங்கும் இயந்திரத்துக்கும் தாது அரைக்கும் ஆலைக்கும் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் என் பாட்டி சிம்னி விளக்கில்தான் சமைத்தார். தலைக்கு மேல் உலகத்திலேயே நீளமான மின்கம்பிகளில் ஒன்று போகிறது, கீழே பாட்டி திரியை இழுத்துவிட்டுக்கொண்டிருக்கிறார். எந்த நவீனத் திட்டத்தைப் பார்த்தாலும் எனக்கு அந்த அடுப்படிதான் நினைவுக்கு வருகிறது. அந்தச் சுரங்கமும் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. இன்றும் விடியற்காலையில் ஸ்வர்ணா எக்ஸ்பிரஸ் போல எந்த ரயில் கிடைக்கிறதோ அதில் ஏறி ஆயிரக்கணக்கானவர்கள் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். என் மாமா பையன் அதில் ஒருவன். பெங்களூரை ஸ்மார்ட் ஆக்கும் கணக்கில் அந்த ரயில் பெட்டியும் சேர வேண்டும்.

நம் மாவட்டத்துக்கு பெங்களூர் திருப்பிக் கொடுப்பது ஒன்று உண்டு. கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கில் சுத்திகரித்த கழிவுநீரை 2018 ஜூனிலிருந்து கோலார் ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். திட்டம் ஒரு நாளைக்கு 44 கோடி லிட்டர். வறண்டு கிடந்த ஏரிகள் நிரம்பின, சுற்றியுள்ள கிணறுகளில் தண்ணீர் ஊறியது. இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் நீரை இரண்டாம் கட்டம் வரைதான் சுத்திகரிக்கிறார்கள். மூன்றாம் கட்டமும் வேண்டும் என்று விவசாயிகள் கேட்பது மிகச் சரி. நகரம் கழுவிவிட்டதைக் கிராமம் குடிக்கும் கிணற்றுக்குப் பக்கத்தில் நிரப்பும்போது, அதன் பரிசோதனை முடிவை மாதாமாதம் அந்த ஏரிக்கரையிலேயே கன்னடத்திலும் தெலுங்கிலும் எழுதி ஒட்ட வேண்டும். பெரிய செலவு இல்லை.

“என் மாமியாருக்கு 71 வயது. தமிழ் மட்டும் படிப்பார். பஸ், தண்ணி, கரன்ட், குப்பை எல்லாமே இப்போது ஆப். ‘எனக்கு இந்த ஊர்ல இனிமே வேலை இல்லை’ என்கிறார். என்ன செய்யலாம்?”
– வாசகி, ஸ்ரீராமபுரம்

அம்மா, அவர் சொன்ன அந்த வரியை இரண்டு முறை படித்தேன். ஒரு ஊர் தன் முதியவர்களிடம் இப்படிச் சொல்ல வைத்தால், அதில் எத்தனை கருவி இருந்தாலும் அது சரியாக இல்லை என்றுதான் அர்த்தம்.

மூன்று எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி சுவரில் ஒட்டுங்கள். தண்ணீர், சாக்கடை 1916. கரன்ட் 1912. குப்பை, தெருவிளக்கு, ரோடு 1533. மூன்றிலும் மனிதர் பேசுவார். ஆப் வந்துவிட்டது என்பதற்காக இந்த எண்களை எடுத்துவிட நினைப்பவர்களை நாம் விடக்கூடாது.

பஸ்ஸுக்கு ஆப் தேவையே இல்லை. 2023 ஜூன் 11 முதல் சக்தி திட்டத்தில் கர்நாடகப் பெண்களுக்குச் சாதாரண அரசுப் பஸ்களில் கட்டணம் கிடையாது. கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டையைப் பையில் வைத்துக்கொண்டால் போதும். என் வீட்டில் வேலை செய்யும் பெண் அந்தத் திட்டம் வந்த பிறகுதான் கலாசிப்பாளையத்தில் இருக்கும் தன் அக்காவை மாதத்துக்கு இரண்டு முறை பார்க்கிறாள். முன்பு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். நகரம் மனிதர்களை எப்படி இணைக்கும் என்று கேட்டு எழுதியவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

இன்னொன்று, கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். மாமியாருக்கு நாலு கன்னட வாக்கியம் சொல்லிக்கொடுங்கள். “நீரு யாவாக பிடுத்தீரா?” என்று அவர் வால்வ்மேனிடம் கேட்டால், எப்போது தண்ணீர் விடுவார் என்ற பதில் எந்த ஆப்பையும்விடச் சீக்கிரம் வரும். அந்த வால்வ்மேனின் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். என் அம்மா 80 வயதில் இப்படித்தான் ஐந்து பேரைத் தெரிந்துவைத்திருந்தார். தெருவில் தண்ணீர் வரும் நேரத்தை எல்லாரும் அம்மாவிடம்தான் கேட்பார்கள்.

“எங்கள் ஊரில் உக்கடம் பெரியகுளத்தை ஸ்மார்ட் சிட்டியில் அழகாக்கினார்கள். பெங்களூர் ஏரிகள் ஏன் நுரைக்கின்றன?”
– வாசகர், கோவை

நுரைத்தது மட்டுமா, எரிந்தது ஐயா. பெல்லந்தூர் ஏரியில் 2015, 2017, 2018 என்று தீப்பிடித்ததை உலகமே பார்த்தது. காரணம் ஏரியில் இல்லை, ஏரிக்கு வரும் வழியில் இருக்கிறது. இங்கே மழைநீர்க் கால்வாயை ராஜகாலுவே என்பார்கள். ஒரு ஏரி நிரம்பினால் அடுத்த ஏரிக்கு வழியும் சங்கிலி அது. அந்தக் கால்வாயில் சாக்கடையைத் திருப்பிவிட்டார்கள். சோப்பும் மலமும் சேர்ந்து ஏரிக்குப் போனது.

ஜக்கூர் ஏரிக்கு ஒரு முறை வந்து பாருங்கள். பக்கத்திலேயே சுத்திகரிப்பு நிலையம். அங்கிருந்து வரும் நீர் நேரே ஏரியில் விழுவதில்லை, நாணலும் கோரையும் வளர்ந்த ஒரு சதுப்பைக் கடந்து மெதுவாக வருகிறது. மீதி அழுக்கை அந்தச் செடிகள் எடுத்துக்கொள்கின்றன. ஏரியில் மீன் பிடிக்கிறார்கள், நாரை இறங்குகிறது. சர்ஜாபூர் ரோடு கைகொண்ட்ரஹள்ளி ஏரியையும் சுற்றுவட்டார மக்கள்தான் விடாமல் காவல் காத்தார்கள். நடைபாதையும் வண்ண விளக்கும் எனக்கும் பிடிக்கும், மாலையில் குடும்பத்தோடு போக இடம் வேண்டும்தான். ஆனால் குளத்தைப் பார்க்கப் போகும்போது ஒரு தடவை தண்ணீர் உள்ளே நுழையும் வாய் எங்கே என்று தேடிப் போய்ப் பாருங்கள். அங்கே மூக்கை மூட வேண்டியிருந்தால் விளக்குக்குச் செலவழித்தது முந்திக்கொண்ட செலவு.

“தெருவெல்லாம் கேமரா வைத்தால் பாதுகாப்பு வந்துவிடுமா?”
– வாசகி, சிவாஜிநகர்

குற்றம் நடந்த பிறகு உதவும். நடக்காமல் இருக்க, எரியும் விளக்கும் பத்து மணி வரை திறந்திருக்கும் பூக்கடையும் வேண்டும்.

“எங்கள் தெருவில் குப்பையைப் பிரித்துப் போடச் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் கடைசியில் ஒரே வண்டியில்தானே கொட்டுகிறார்கள்? பின் எதற்கு?”
– மாணவி, விவேக்நகர்

உன் தெருவில் ஒரே வண்டியில் கொட்டினால் போட்டோ எடுத்து 1533-ல் சொல். அது விதிமீறல். பச்சைத் தொட்டியில் ஈரக்குப்பை, சிவப்பில் நாப்கின் டயப்பர் போன்றவை, பையில் காய்ந்த குப்பை என்று 2015 டிசம்பரில் உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அந்த உத்தரவுக்குப் பின்னால் மாவள்ளிபுரா, மண்டூர் கிராமங்கள் இருக்கின்றன. நகரத்தின் குப்பையை வருஷக்கணக்கில் அங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள். கிணறு கெட்டது, ஈ மொய்த்தது, மக்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். அந்தப் போராட்டத்தால்தான் மாவள்ளிபுரா 2012-லும் மண்டூர் 2014-லும் நின்றன.

பிரிக்காத குப்பையை ஒரு பெண் கையால் பிரிக்கிறாள். உங்கள் வார்டில் காய்ந்த குப்பை மையம் இருக்கும், ஒரு சனிக்கிழமை போய் அரை மணி நேரம் நில். பால் கவரையும் பிஸ்கட் கவரையும் தடவிப் பார்த்தே வேறுபாடு சொல்லுவார்கள். குப்பை பொறுக்கி வாழ்ந்தவர்களுக்கு மாநகராட்சி அடையாள அட்டை கொடுக்க வேண்டும் என்று ‘ஹசிரு தளா’ போன்ற அமைப்புகள் போராடி வாங்கினார்கள். வண்டியில் ஜிபிஎஸ் பொருத்தியதைப் பேசும் அளவுக்கு அந்தக் கைகளைப் பற்றி நாம் பேசுவதில்லை. சாம்பார் கொட்டிய காகிதத்தை அவர்களால் விற்க முடியாது, காய்ந்த காகிதத்தை விற்க முடியும். நீ பிரித்துக் கொடுப்பது அவர்களின் அன்றைய வருமானம்.

“மொட்டை மாடியில் சோலார் போடலாமா?”
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ஜீவன் பீமா நகர்

முதலில் சோலார் வெந்நீர். ஏற்கெனவே இருந்தால் மேலே படியுங்கள். மின்தகடு 1 கிலோவாட்டுக்கு சுமார் 100 சதுர அடி இடம், நாளுக்கு சராசரி 4 யூனிட். 3 கிலோவாட் வைத்தால் மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம். ஆனால் ஐயா, உங்கள் செலவு மாதம் 200 யூனிட்டுக்குக் கீழே இருந்து மாநில அரசின் கிருஹ ஜோதி இலவச மின்சாரத் திட்டத்தில் பில்லே வராமல் இருந்தால், போட்ட பணம் திரும்ப ரொம்ப வருஷம் ஆகும். அந்தப் பணத்தை அடுத்த கேள்வியில் வரும் வேலைக்குப் போடுங்கள்.

“முப்பதுக்கு நாற்பது சைட். சின்ன வீடு. மழைநீருக்கு என்ன செய்ய முடியும்? காண்ட்ராக்டர் 2 லட்சம் கேட்கிறார்.”
– ஆட்டோ ஓட்டுநர், கே.ஆர்.புரம்

அண்ணா, 2 லட்சம் வேண்டாம். கணக்கைப் பாருங்கள். உங்கள் கூரை 1,000 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். பெங்களூரில் வருஷத்துக்குச் சராசரி 970 மில்லிமீட்டர் மழை. கூரையில் விழுவது 90,000 லிட்டர். அதில் பத்தில் எட்டுப் பங்கு பிடித்தால் 72,000 லிட்டர். நாலு பேர் உள்ள வீட்டுக்கு நாலு மாதத்துக்கு மேல் வரும்.

கூரையிலிருந்து வரும் குழாயில் முதல் மழையைக் கழித்துவிட ஒரு மூடி வையுங்கள், தூசியும் பறவை எச்சமும் அதில் போகும். அப்புறம் வடிகட்டி, சம்ப். சம்ப் நிரம்பி வழிவதை ஒரு உறைகிணற்றுக்கு விடுங்கள். 3 அடி அகலம், 20 அடி ஆழம், சிமென்ட் உறை. ஒரே நேரத்தில் ஏறக்குறைய 4,000 லிட்டர் பிடிக்கும், பிறகு மண்ணுக்குள் இறங்கிவிடும். அடியில் கான்கிரீட் போடக் கூடாது, உறைகளுக்கு நடுவே சிமென்ட் பூசக் கூடாது. இரும்பு மூடியும் பூட்டும் கட்டாயம், குழந்தைகள் விளையாடும் இடம்.

இயந்திரம் வேண்டாம். பெங்களூரைச் சுற்றி மண்ணு வட்டர் என்ற சமூகத்தினர் தலைமுறையாகக் கிணறு தோண்டுகிறார்கள். நம் பக்கம் ஒட்டர் என்போம். கப்பன் பார்க்கில் பழைய கிணறுகளைத் தூர்வாரி மீட்டதும் அவர்கள்தான். மண்ணின் நிறத்தைப் பார்த்தே எத்தனை அடியில் நீர் உறிஞ்சும் என்று சொல்வார்கள். மூன்று நாளில் முடித்துவிடுவார்கள். உங்கள் எதிர்வீட்டுக்காரரையும் கேளுங்கள், இரண்டு கிணறு என்றால் உறைகளை ஒரே வண்டியில் இறக்கலாம், வாடகை பாதி.

உங்கள் தெருவில் மூன்று பேர் சேர்ந்தால் சொல்லுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே அளவு நாடாவோடு வருகிறேன். ஏப்ரல், மே மாதங்களில் கிணறு தோண்டுபவர்களுக்கு வேலை குவிந்துவிடும். இப்போதே போய் நாள் குறித்துக்கொள்ளுங்கள்.